கண்ணி வேண்டாம், கோழிவலை போதும்

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். அரவக்குறிச்சி பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலம். திருப்பூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்த ஆடிப்பட்டத்தில் இரண்டு ஏக்கர் கடலை போட்டேன், ஊடுபயிராகத் தட்டைப்பயறு. வரப்போரம் அறுபது முருங்கைக் கன்று. முளைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, கிழக்குப் பக்கம் நாலைந்து வரிசை மொட்டையாகிவிட்டது. முயல்தான் என்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா கிளட்ச் வயரில் இரண்டு கண்ணி கட்டிவிட்டார். "பயிரும் தப்பிக்கும், கறிக்குக் கறியும் ஆச்சு" என்கிறார். நான் செல்போனில் பார்த்த ஒரு வீடியோவில் மரப்பெட்டிக்குள் கேரட் வைத்துப் பிடிக்கிறார்கள். இரண்டில் எது நல்லது? சொந்த நிலத்தில் பிடித்தாலும் கேஸ் ஆகுமா? இன்னொன்று, களை வெட்டும்போது ஒரு முயல்குட்டி கிடைத்தது. ஏழு வயது மகள் அதைக் கீழே விடமாட்டேன் என்கிறாள். பால் கொடுத்து வளர்க்கலாமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் கடைசியாக இருந்த விஷயம்தான் முதலில் கவனிக்க வேண்டியது. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே போனில் குட்டியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்தேன். இதே கேள்வி வருஷத்துக்கு நாலு பேரிடமிருந்தாவது வருவதால், அப்போது சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

காட்டு முயல் வளை தோண்டிக் குட்டி போடாது. புல் மறைவில், செடி அடியில், வெறும் தரையில்தான் ஈனும். பிறக்கும்போதே குட்டிக்கு உடம்பெல்லாம் ரோமம், கண் திறந்திருக்கும். தாய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்காது. காத்தால் அதன் வாடைக்கே நாயும் நரியும் வந்துவிடும் அல்லவா? பகல் முழுக்கத் தள்ளியே இருந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு ஒருமுறை வந்து சில நிமிஷம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஆகவே களை வெட்டும்போது தனியாகக் கிடைக்கிற குட்டி பெரும்பாலும் அநாதை இல்லை. ஆடாமல் அசையாமல் படுத்திருப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. அதைப் பார்த்து நாம் பாவம் என்று தூக்கிக்கொண்டு வருகிறோம்.

மாட்டுப் பால் கொடுத்து வளர்த்த காட்டு முயல்குட்டிகளை அட்டைப் பெட்டியில் வைத்து என்னிடம் கொண்டு வந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள், நாலாம் நாள். வயிறு உப்பி, பின்பக்கம் கழிச்சலில் ஒட்டிப்போய், கண்ணை மட்டும் அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும். முயல்பால் கொழுப்பு மிகுந்த, கெட்டியான பால். நம் வீட்டுப் பால் அதற்குத் தண்ணீர் மாதிரி. பிழைத்தவை மிகக் குறைவு. மனிதன் தொட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் பேச்சு. கைநிறையப் புல்லைப் பிடுங்கி அதோடு சேர்த்துக் குட்டியை எடுத்து, கிடைத்த இடத்திலேயே, வெயில் படாமல், சாயங்காலத்துக்குள் வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க நிற்கக் கூடாது. அங்கே ஆள் நிற்கும்வரை தாய் வராது.

உங்கள் மகளுக்கு முயல் வளர்க்க ஆசை என்றால் அதற்குத் தடையில்லை. பண்ணை முயல் வேறு ஜாதி. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை என்று வாங்கலாம். கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையத்திலும், நீலகிரி சாண்டிநல்லாவிலும் இவற்றை வளர்க்கிறார்கள். காட்டு முயலும் பண்ணை முயலும் பார்க்கத்தான் ஒன்று போல. பண்ணை முயலுக்கு 44 குரோமோசோம், நம் காட்டு முயலுக்கு 48. ஒன்றோடொன்று இனம் சேராது. ஒரு கூண்டில் போட்டுக் கலப்பினம் எடுக்கலாமா என்று கேட்டு யாரும் இனி எழுத வேண்டாம்!

இனி உங்கள் கடலைக்கு வருகிறேன்.

முதலில் தின்றது முயல்தானா என்று பாருங்கள். எங்கள் பக்கம் எது மேய்ந்தாலும் மொசல்மேல் பழி போடுவது வழக்கம். முயலுக்கு மேலும் கீழும் கூரான முன்பற்கள் உண்டு. தண்டை நறுக்கினால் பிளேடு வைத்து வெட்டியது போல, சாய்வாக, சுத்தமாக இருக்கும். ஆடோ மானோ கடித்தால் அப்படி இருக்காது, அவற்றுக்கு மேல் முன்பல் கிடையாது, பிய்த்து இழுத்திருக்கும். தண்டு தரையோடு துண்டாகி, செடி தின்னப்படாமல் பக்கத்திலேயே வாடிக் கிடந்தால் அது வெட்டுப்புழு. அந்தச் செடியைச் சுற்றி விரலால் மண்ணைக் கிளறுங்கள், சாம்பல் நிறப் புழு சுருண்டு கிடக்கும். விதையோடு கிளறிப் பிடுங்கியிருந்தால் மயில். பக்கத்தில் வளையும், வளை வாயில் இழுத்துப்போட்ட இலையும் இருந்தால் எலி.

சந்தேகமாகவே இருந்தால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். மொட்டையான வரிசைக்கும் வரப்புக்கும் நடுவே நாலடிக்கு அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவி, கையால் நிரவிவிடுங்கள். விடிந்ததும் போய்ப் பாருங்கள். முயல் நடக்காது, தாவும். அப்படித் தாவும்போது நீளமான இரண்டு பின்னங்கால் தடமும் முன்னால் விழும், சிறிய முன்னங்கால் தடங்கள் அவற்றுக்குப் பின்னால் இருக்கும். பக்கத்திலேயே உருண்டையாக, லேசாகத் தட்டையாக, உடைத்தால் நார் நாராக உதிர்கிற புழுக்கை கிடக்கும். இரண்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். போனில் நீங்கள் தண்டு "பேனா முனை மாதிரி" இருக்கிறது என்று சொன்னதை வைத்து நானும் முயல்தான் என்று எடுத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன்.

சட்டத்தைக் கேட்டீர்கள். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும் இல்லை. கொல்வது, பிடிப்பது, விஷம் வைப்பது, கண்ணி கட்டுவது, பொறி வைப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது, அத்தனையும் வேட்டைதான். பெரியப்பா கட்டிய கண்ணியில் இதுவரை ஒன்றும் மாட்டவில்லை என்றாலும் குற்றம் நடந்தாயிற்று. நிலம் உங்கள் பட்டாவில் இருப்பதால் எந்தச் சலுகையும் கிடையாது, ஏனென்றால் முயல் உங்கள் பட்டாவில் இல்லை. சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, புதிய பட்டியல்கள் 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தன. காட்டு முயல் அதில் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாயை விட்டுத் துரத்திப் பிடித்தாலும் இதேதான். பொங்கலுக்கும் மாசிக்கும் பாரி வேட்டை என்று கிளம்பி, வலையும் வண்டியுமாகப் பிடிபட்டு, அபராதம் கட்டிவிட்டு வருகிறவர்களைப் பற்றி வருஷா வருஷம் பேப்பரில் படிக்கிறோம்.

கண்ணிக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. அதற்கு ஆள் தெரியாது. உங்கள் ஊரில் மயில் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மயில் முதல் பட்டியல். அது மாட்டிச் செத்தால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை, ஏழு ஆண்டு வரை போகலாம். முயலுக்குத்தான் வைத்தேன் என்று சொன்னால், அதுவும் குற்றம்தான் என்று இரண்டையும் சேர்த்து எழுதிக்கொள்வார்கள்.

"பன்றியைச் சுட அரசாங்கமே அனுமதி கொடுத்துவிட்டதே, முயலுக்கு என்ன?" என்று உங்கள் ஊர் டீக்கடையில் யாராவது சொல்வார்கள். 2025 ஜனவரியில் வந்த அந்த அறிவிப்பு காட்டுப்பன்றிக்கு மட்டும். அதிலும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான், சுடுவதும் வனத்துறை ஆட்கள்தான். விவசாயி கையில் துப்பாக்கி கொடுத்த அறிவிப்பு இல்லை அது. பயிர்ச் சேதம் அளவு மீறினால் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் எழுத்து மூலம் அனுமதி கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. நாலு வரிசை தட்டைப்பயறுக்காக அந்த வழியில் போகச் சொல்ல மாட்டேன். மனு நகர்வதற்குள் உங்கள் கடலை பூ எடுத்துவிடும்.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். கண்ணி கட்டினால் பயிராவது தப்பிக்குமா? தப்பிக்காது. முயல் கூட்டமாக வாழ்கிற பிராணி இல்லை. உங்கள் கிழக்கு வரிசையைத் தின்றது அநேகமாக ஒரு முயல், மிஞ்சினால் இரண்டு. அதைப் பிடித்துவிட்டால் அந்த இடம் காலி. பக்கத்துத் தரிசிலிருந்து அடுத்தது வந்து உட்கார்ந்துகொள்ளும். மேய்ச்சல் நிலமான கொறங்காடும் கருவேலம் புதரும் சுற்றி இருக்கிறவரை முயலுக்குப் பஞ்சம் வராது. பெரியப்பா வருஷம் முழுக்கக் கண்ணி கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவர் எண்ணமும் அதுவாகத்தான் இருக்கும்! அவருக்குக் கறி, உங்களுக்கு மொட்டை வரிசை.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ஐப்பசி மழைநாள். ஒரு பாட்டி செவலை நாய் ஒன்றைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு நாளாகக் காணவில்லை, அன்று காலையில்தான் வாசலில் வந்து படுத்திருந்ததாம். வயிற்றைச் சுற்றி ஒரு கோடு. ரோமத்தை விலக்கிப் பார்த்தபோதுதான் அது காயம் இல்லை, உள்ளே புதைந்த கம்பி என்று தெரிந்தது. கிளட்ச் வயர். இழுக்க இழுக்க இறுகுமே தவிரத் தளராது. முளையோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. முனையில் ஒரு சாண் குச்சி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிங் பிளையரின் மூக்கு கம்பிக்கு அடியில் போகவே அரைமணி நேரம் ஆனது. தோலுக்கு அடியில் புழு. அந்த நாய் பிழைத்துக்கொண்டது, அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தது. கண்ணி கட்டியவர் அந்தப் பாட்டியின் சொந்த மருமகன் என்று பின்னால் தெரிந்தது. முயலுக்குத்தான் கட்டினாராம்.

முயல் மாட்டினால் மட்டும் என்ன? சாதாரணமாக வாயே திறக்காத பிராணி அது. கண்ணி இறுகினால் கைக்குழந்தை வீறிடுவது போலக் கத்தும். ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பின்னங்கால் உதையின் வேகத்தில் தன் முதுகெலும்பையே ஒடித்துக்கொள்வதும் உண்டு. உயிரோடு பிடித்து வேறு இடத்தில் விடலாமே என்று நல்ல மனசோடு கேட்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: கையில் பிடித்த காட்டு முயல், காயமே இல்லாமல், பயத்திலும் திமிறலிலும் தசை கெட்டுச் செத்துப்போவதை மருத்துவர்கள் பார்க்கிறோம். பையைத் திறக்கும்போதே விறைத்திருக்கும்.

வீடியோவில் பார்த்த பெட்டிக்கு வருவோம். அதில் பொய் இல்லை. ஆனால் அது வேறு நாடு, வேறு பிராணி. அங்கே அவர்கள் பிடிப்பது குழிமுயல். மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டம் கூட்டமாக வாழ்வது. இருட்டுச் சந்துக்குள் நுழைவது அதற்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். பெட்டியும் அதற்கு இன்னொரு வளை மாதிரிதான். நம் காட்டு முயல் திறந்த வெளியில் வாழ்வது. ஆபத்து என்றால் பெரும்பாலும் ஓடித்தான் தப்பிக்கப் பார்க்கும். பெட்டிக்குள் அதுவாக நுழைவது அபூர்வம். தவிரவும், கண்ணெட்டும் தூரம் பச்சைத் தட்டைப்பயறு இருக்கும்போது, அரவக்குறிச்சி முயலுக்குக் கேரட் என்றால் என்னவென்று எப்படித் தெரியும்?

ஆஸ்திரேலியாக்காரர்கள் பொறி வைக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1859இல் விக்டோரியா மாகாணத்தில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை இறக்கினார். ஐம்பது வருஷத்துக்குள் அவை கண்டத்தையே மேய ஆரம்பித்துவிட்டன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901இலிருந்து 1907 வரை முயலுக்காகவே வேலி போட்டார்கள். முதல் வேலி மட்டும் 1,800 கிலோமீட்டருக்கு மேல். கட்டி முடிப்பதற்குள்ளாகவே முயல் அந்தப் பக்கம் போயிருந்தது. 1950இல் முயல்களுக்கு மட்டும் வரும் ஒரு வைரஸ் நோயையே பரப்பிப் பார்த்தார்கள். கோடிக்கணக்கில் செத்தன, தப்பியவை எதிர்ப்புச் சக்தியோடு மறுபடி பெருகின. அங்கே முயல் அந்நியன், அதை அடக்குவது நில உரிமையாளரின் கடமை என்றே பல மாகாணங்களில் சட்டம் சொல்கிறது. இங்கே அது மண்ணின் பிராணி. ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் பெரும்பாலும் போடும். நரி, கழுகு, கொம்பன் ஆந்தை என்று எல்லாம் அதை நம்பி இருக்கின்றன. உங்கள் பக்கம் நரி ஊளை கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று பெரியப்பாவையே கேளுங்கள். முயல் தொல்லைக்குப் பாதிப் பதில் அதில் கிடைக்கும்.

சரி, என்ன செய்வது? முயலுக்குப் பயிர்முழுக்கத் தேவையில்லை, குருத்துதான் தேவை. கடலையும் தட்டைப்பயறும் முளைத்த நாளிலிருந்து இருபத்தைந்து, முப்பது நாள்தான் உங்களுக்குக் கண்டம். அதற்கப்புறமும் வரும், தின்னும், ஆனால் செடி படர்ந்துவிட்டால் ஒன்றிரண்டு முயல் கடிப்பது கணக்கில் தெரியாது. ஆகவே முயலைத் தேடிக்கொண்டு அலையாமல், அந்த முப்பது நாளைக் காப்பாற்றப் பாருங்கள்.

நிரந்தரமாகச் செய்வதென்றால் கோழிவலைக் கம்பிதான். நாலடி உயரச் சுருள், கண் ஒன்றே கால் அங்குலத்துக்கு மேல் போகாதது. கட்டுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு, நாலடியையும் நிமிர்த்தி நட்டுவிடுவது. வலையின் அடி அரையடியை வெளிப்பக்கமாக, அதாவது முயல் வருகிற பக்கமாக, தரையோடு ஆங்கில 'L' எழுத்துப் போல மடித்துவிட்டு, அதன்மேல் கல்லும் மண்ணும் போட்டு மிதித்துவிட வேண்டும். முயல் வலை ஓரமாக வந்து, அடியில் இடுக்குத் தேடிப் பிறாண்டும். பிறாண்டுகிற இடத்தில் காலுக்கடியிலும் வலையே இருந்தால் சலித்துப் போய்விடும். இரண்டடி தள்ளி நின்று பிறாண்ட வேண்டும் என்ற யோசனை அதற்கு வராது. மிச்சம் மூன்றரை அடி நிமிர்ந்து நின்றால் போதும்.

கணக்குப் பார்ப்போம். இரண்டு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 1,180 அடி. நூறடிச் சுருள் பன்னிரண்டு. நீளவாக்கில் இருந்தால் இன்னும் கூடும். மானாவாரிக் கடலைக்கு இந்தச் செலவு கட்டுமா என்றால், ஒரு போகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கட்டாது. எடுத்து வைத்து ஐந்தாறு வருஷம் திருப்பித் திருப்பிக் கட்டினால் கட்டும். கிழக்குப் பக்கம் மட்டும் அடைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது, சுற்றிக்கொண்டு வரும்.

செலவு தாங்காது என்றால், உங்கள் ஊரிலேயே பன்றிக்குப் பழஞ்சேலை கட்டுகிறார்களே, அதையே கொஞ்சம் மாற்றிச் செய்யுங்கள். சேலையைத் தரையிலிருந்து ஓரடி மேலே கட்டினால் முயல் குனியாமலே உள்ளே போகும். கீழ் விளிம்பு மண்ணில் புதைய வேண்டும். சேலையை விடப் பச்சை நிழல்வலை நல்லது. மூன்றடி உயரத்துக்கு வெட்டி, குச்சி நட்டுக் கட்டி, அடியில் வாய்க்கால் மாதிரி கீறி, வலை விளிம்பை உள்ளே விட்டு மண் அணைத்துவிடுங்கள். பல் பட்டால் அறுந்துபோகிற சாமான்தான். ஆனால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாததால் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். தினமும் காலையில் ஒரு நடை நடந்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தால் முப்பது நாள் ஓடிவிடும். பழைய மீன்வலை மட்டும் வேண்டாம். மலிவாகக் கிடைக்கும், ஆனால் சாரைப் பாம்பும் உடும்பும் சிக்கி நாறும். எலி பிடிக்கிற சாரையைக் கொன்றுவிட்டு எலிக்கு எங்கே போவீர்கள்?

உங்கள் நிலத்தில் கிளுவை வேலி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் பாதி வேலை முடிந்தது. நம் பெரியவர்கள் கொறங்காட்டுக்குக் கிளுவை நட்டதோடு விடமாட்டார்கள், அடியில் இலந்தை முள்ளும் வெள்வேலாம் முள்ளும் வெட்டிச் செருகி, கல் ஏற்றி வைப்பார்கள். இப்போது மேலே பசுமையாக இருக்கிறது, அடியில் ஆடே நுழைகிற அளவுக்குச் சந்து. கோடையில் ஒருமுறை அந்தச் சந்துகளுக்கு முள் அடைத்துவிட்டாலே வித்தியாசம் தெரியும். நிலத்துக்குள்ளேயே முள் அம்பாரமோ உயரமான புல்லோ இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பகலில் முயல் படுக்கிற இடம் அதுதான். இரவில் வெளியிலிருந்து வருகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அது உள்ளேயே குடியிருக்கும்.

வாடைக்குத் தெளிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஆளுக்கொரு கரைசல் சொல்வார்கள். நான் பார்த்தவரை ஓரளவு பலன் தருவது முட்டைதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நாலு முட்டையை அடித்துக் கலக்கி, வடிகட்டி, ஓரத்து வரிசைகளில் மட்டும் தெளிக்கலாம். நாறும். முயலுக்கும் பிடிக்காது, உங்களுக்கும் பிடிக்காது. ஒரு மழை பெய்தால் திரும்பத் தெளிக்க வேண்டும். முருங்கையில் கீரை பறித்து விற்கிறவர்கள் அதன்மேல் தெளிக்காதீர்கள்.

அந்த அறுபது முருங்கைக் கன்றுக்கும் தெளிப்பதைவிடக் கூண்டு சுலபம். அதே கோழிவலையை இரண்டடி உயரத்தில் மூன்றேகால் அடி நீளத்துக்கு வெட்டிச் சுருட்டினால் ஓரடி விட்டத்தில் ஒரு கூண்டு. அறுபதுக்கும் சேர்த்து ஏறக்குறைய 195 அடி. நாலடிச் சுருளை நடுவில் வெட்டினால் நூறடிச் சுருள் ஒன்றே போதும். தண்டோடு ஒட்டிச் சுற்றாதீர்கள், வலைக்கண் வழியாகவே பட்டையைக் கொறிக்கும். கோடையில் புல் காய்ந்துவிட்டால் முயலுக்கு இளம் பட்டையும் தீனிதான். அதனால் கடலை எடுத்த பிறகும் கூண்டைக் கழற்ற வேண்டாம்.

செய்யக்கூடாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, குருணைப் பூச்சிமருந்தைச் சோற்றிலோ பழத்திலோ கலந்து வைப்பது. முயல் அதைத் தொடக்கூடச் செய்யாது. மயிலும் ஆடும் நாயும் தின்னும். செத்ததைத் தின்று நரியும் சாகும். காலையில் மேய்ச்சலுக்குப் போன ஒன்பது ஆடு, சாயங்காலம் என் மருத்துவமனை வாசலில் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். வாயில் நுரை, கால் நாலும் விறைப்பு. வைத்தவருடைய ஆடு இரண்டு அதில் இருந்தது. இன்னொன்று, வீட்டு மின்சாரத்தை வேலியில் விடுவது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அரவக்குறிச்சியில் யானை இல்லை. ஆனால் விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற மனிதர்கள் இருக்கிறார்கள்.

மொட்டையான வரிசைகளை அப்படியே விட்டுவிடாதீர்கள். தட்டைப்பயறு கணுவுக்கு மேலே வெட்டுப்பட்டிருந்தால் துளிர்த்துவிடும், அதைத் தொட வேண்டாம். விதையிலைக்குக் கீழே போனதற்கு மட்டும் ஈரம் இருக்கும்போதே மறுவிதை ஊன்றுங்கள். ஆனால் முதலில் வலை, பிறகு விதை. தாமதமாக முளைக்கிற ஒற்றைக் குருத்தைத்தான் முயல் தேடி வந்து தின்னும்.

பெரியப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று போனில் தயங்கினீர்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற வயது அவருக்கு. சட்டத்தைச் சொன்னால் கேட்க மாட்டார். உங்கள் வீட்டு நாயும் அவர் வீட்டு வெள்ளாட்டுக் குட்டியும் தினமும் போய்வருகிற தடத்தில்தான் அந்த இரண்டு கண்ணியும் இருக்கிறது என்பதைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். இன்று பொழுது சாய்வதற்குள் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். கழற்றிய வயரை வரப்பில் எறியாதீர்கள், மாட்டுக் காலில் சுற்றும். புரி பிரித்தால் ஒரு வயரிலிருந்து நிறைய மெல்லிய கம்பி வரும். முருங்கைக் கூண்டுகளை முடிச்சுப் போட அது தாராளம்.